வெள்ளையம்மாளின் பஸ் கும்மியும் காப்பிரைட் சட்டமும்

முதல் நாளும் ஒரு சேவலும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. சிரிப்பு வந்துவிட்டால் நிற்காது. கோயில், சர்ச், இழவு வீடு என்று இடம் பார்க்காது. இப்படிப்பட்டவள் வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போனால் என்ன ஆகும்? முதல் நாளே ஆயிற்று.

திண்டுக்கல்லில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வக்கீல் சுந்தரேசன் சாருடைய ஆபீஸ். வாசலில் செருப்புக் குவியல், உள்ளே சட்டப் புத்தக அலமாரி, நடுவில் அவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் யாரையும் பார்ப்பார். நான் மெஷினில் தாள் செருகி உட்கார்ந்ததும் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுச் சேவல் கட்சிக்காரரின் கீற்றுக் கூரையைக் கிளறிவிட்டது, அதுதான் வழக்கு. "மேற்படி சேவலானது, முழு அறிவுடனும் கெட்ட எண்ணத்துடனும்..." என்கிற இடத்தில் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாயில் முந்தானையை அடைத்தும் அடங்கவில்லை.

"மிஸ் மேரி, என்ன சிரிப்பு?"

"சேவலுக்கு முழு அறிவு, சார்."

அவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வேலை போயிற்று, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான் என்று நான் கைப்பையைத் தேடினேன். அவர் சொன்னார்: "அந்த வார்த்தையை எடுத்துடு. எதிர்க்கட்சி வக்கீலும் இப்படித்தான் சிரிப்பான்."

அன்றிலிருந்து நான் சிரித்த இடமெல்லாம் அவர் வரைவில் திருத்தம் விழுந்தது. இளம் பிள்ளைகளே, இப்படியும் ஒரு தகுதியில் வேலை நிலைக்கும்.

சட்டம் என்ன சுண்டலா?

ஐம்பதுகளின் கடைசி அது. புதுப்புதுச் சட்டங்கள் வந்துகொண்டே இருந்த காலம். எல்லாம் இங்கிலீஷில் வரும், அலமாரியில் ஏறும், அங்கேயே இருக்கும். வாசலில் வந்து நிற்கிற ஜனங்களில் பாதிப் பேருக்கு வழக்கே கிடையாது. "போலீஸ்காரக கூப்பிட்டா என்னத்துக்குன்னு கேக்கலாமா?" "பொட்டப்புள்ளைக்கும் பங்கு உண்டாமே, நெசமா?" இவ்வளவுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டு, பீஸ் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து பதிலுக்கு நிற்காமலே போய்விடுவார்கள்.

எங்கள் சீனியர் குமாஸ்தா காதர் பாய் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்வார்: "மேரிம்மா, இவங்க கேக்குறது கேஸ் இல்லே, வெறும் சேதி. சேதிக்கு எங்கனக்குள்ள பீஸ் போடுறது?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. மத்தியானம் கோர்ட் வளாகத்து வேப்ப மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, வந்தவர்களுக்குத் தெரிந்ததைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். நாலு பேர் நாற்பது பேரானார்கள். ஒரு நாள் கூட்டத்துக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி தெரிந்தது.

ஆபீஸுக்குள் போனதும் பிடித்துக்கொண்டார். "சட்டம் என்ன சுண்டலா, வந்தவன் போனவனுக்கெல்லாம் கையில அள்ளிக் குடுக்க?"

நானும் விடவில்லை. "சட்டம் தெரியாதுங்கறது சாக்கு ஆகாதுன்னு நீங்கதானே சார் கோர்ட்ல சொல்றீங்க? தெரியாதுன்னா தண்டனை, தெரிஞ்சுக்க வந்தா விரட்டு. இது என்ன நியாயம்?"

காதர் பாய் "யா அல்லா" என்று பாயைச் சுருட்டுகிற மாதிரி முகத்தைச் சுருட்டினார். சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "தப்பாச் சொல்லிட்டா? நாளைக்கு ஒருத்தன் அதை நம்பிக் காட்டை இழந்துட்டா?" என்றார். அது சரியான கேள்விதான். ஆகவே ஒப்பந்தம் செய்துகொண்டோம். நான் தமிழில் எழுத வேண்டும், அவர் திருத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் வெளியே போக வேண்டும். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்பது தொழில் விதி. அதனால் ஆபீஸ் வாசலில் கூடாது, தெருமுனை வாசகசாலைக் கரும்பலகையில்தான் எழுத வேண்டும். சார் பேர் எங்கும் வரவே கூடாது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதினேன். "மகளுக்கும் தகப்பனார் தானே சம்பாதித்த சுயார்ஜிதச் சொத்தில் பங்கு உண்டு" என்று எழுதிய வாரம் பலகைக்குப் பெரிய யோகம். எழுத எழுத யாரோ அழித்தார்கள். அழிக்க அழிக்க நான் எழுதினேன். கடைசியில் யாரோ ஒருத்தி பலகைக்குக் கீழே காவலுக்கே உட்கார்ந்துவிட்டாள், மடியில் பிள்ளையோடு.

காப்பிரைட் சட்டம் புதிதாய் வந்தபோது அதையும் எழுதினேன்: "பாட்டு, கதை, படம் எதுவானாலும் ஆக்கியவருக்கே உரிமை. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. அனுமதி இல்லாமல் அச்சிட்டு விற்பது குற்றம்." பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவர் வந்து, "எங்க பூட்டுக்கும் இது உண்டா?" என்று கேட்டார். அதற்கு வேறு சட்டம் என்று சார் சொல்லியனுப்பினார். மற்றபடி ஒருவரும் சீந்தவில்லை. திண்டுக்கல்லில் யார் பாட்டு எழுதுகிறார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

கடலைச் சாக்கோடு வந்த கவி

அடுத்த சந்தை நாளில் ஒருத்தி வந்தாள். குஜிலியம்பாறைப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண், முப்பது வயது இருக்கும். நிலக்கடலை விற்க வந்தவள், காலிச் சாக்கை மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். பேர் வெள்ளையம்மாள்.

"தாயி, நீதான் அந்தப் பலகையில எழுதுறவளா? பாட்டுக் கட்டுனவளுக்குத்தான் பாட்டு சொந்தமாமே? ஒருத்தர் படிச்சுச் சொன்னாரு. எனக்குக் கைநாட்டுத்தான். கைநாட்டுக்காரிக்கும் உண்டா?"

நான் சாரைப் பார்த்தேன். "மனசுல கட்டினவர்தான் ஆசிரியர். எழுதிக் கொடுத்தவன் வெறும் கை" என்றார் அவர்.

"அப்ப சரி" என்று அங்கேயே நின்று பாட ஆரம்பித்துவிட்டாள். அவள் ஊருக்கு முதல் முதலாகப் பஸ் வந்த கதை அது. கும்மிப் பாட்டு.

புழுதி கெளப்பி வருகுதடி – நம்ம
புஞ்சைக் காட்டுக்குள்ள பஸ்ஸுவண்டி
கழுதைகூட வழிய விட்டுருச்சு – அந்தக்
கண்டக்டர் மட்டும் விடல்லையடி

ஆட்டுக்குச் சீட்டுக் கிழிச்சானடி – என்
அத்தைக்குச் சீட்டு மறந்தானடி
மேட்டுல ஏற முடியலைன்னு – நம்மள
மெல்லப் பஸ்ஸத் தள்ளச் சொன்னானடி

ஆட்டுக்குச் சீட்டு என்றதுமே என் வியாதி வந்துவிட்டது. மேஜையில் தலையை வைத்துச் சிரித்தேன். காதர் பாய் வெற்றிலையை விழுங்கிவிட்டார். சார் மட்டும் அலமாரிப் பக்கம் திரும்பி எதையோ தேடினார், முதுகு குலுங்கியது.

இந்தப் பாட்டை அச்சுப் போட்டு ஓரணாப் புத்தகமாக விற்கப் போகிறாள். திருட்டு அச்சு வராமலிருக்க அதில் என்ன போட வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருந்தாள். நான் அழகான ஒரு எச்சரிக்கை வாசகம் எழுதிப் படித்துக் காட்டினேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"இம்புட்டு நீளத்த யாரு தாயி படிப்பா? எங்க சனத்துக்கு எழுத்துத் தெரியாது, காதுதான் தெரியும். சட்டத்தையும் பாட்டாவே வச்சுப்புடுறேன். செத்த நேரம் பொறு."

சாக்கை விரித்து உட்கார்ந்தாள். நான் ஒரு வக்காலத்து டைப் அடித்து முடிப்பதற்குள் சட்டத்தைக் கட்டி முடித்துவிட்டாள். அவள் பாடப் பாட நான் தாளில் எழுதினேன்.

பாட்டுக் கட்டினவ வெள்ளையம்மா – இதைப்
பாடுங்க ஊரெல்லாம் பாதகமில்ல
கேட்டுக் கொள்ளாம அச்சடிச்சா – அவன்
கேப்பைக் களியுந்தான் திங்கலாமே

மதுரைக் கோர்ட்டுல கூண்டிருக்கு – அதுல
மாமன் மச்சானுக்கும் எடமிருக்கு
எதுக்கு வம்புன்னு ஓடிப்போங்க – எங்க
எசமான் வக்கீலு பொல்லாதவர்

சார் பேனாவை எடுத்து, நிஜமான வரைவைத் திருத்துவது மாதிரியே உட்கார்ந்தார். "'களி தின்பான்'னு போடாம 'திங்கலாம்'னு போட்டது சரி. ஜெயில் கொடுக்கலாம், அபராதத்தோடயும் விடலாம். அது கோர்ட் இஷ்டம். மதுரை சரி, இந்த வழக்கு ஜில்லா கோர்ட்டுக்குத்தான் போகணும். ஆனா கடைசி அடி கூடவே கூடாது. வக்கீல் விளம்பரம்! என் சன்னத்தை, தொழில் பண்ற லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க." கடைசி அடியை அடித்துவிட்டுத் தாளை அவளிடமே கொடுத்தார். வெள்ளையம்மாள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

நோட்டீஸ் வந்த வாரம்

அதற்கு அடுத்த வருஷம் அவள் திரும்ப வந்தபோது நடையே வேறாக இருந்தது. கையில் ஒரு வக்கீல் நோட்டீஸ். வாங்கிப் படித்த எனக்கு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சிரிப்பே வரவில்லை.

தங்கவேலு என்று ஒரு வெளியூர்ப் பாட்டுப் புத்தக வியாபாரி. இந்தப் பஸ் கும்மி தான் எழுதியது, தன் புத்தகத்தில் இன்ன தேதி போட்டிருக்கிறது, வெள்ளையம்மாள் என்பவள் அதைத் திருடி அச்சிட்டுப் பாடித் திரிகிறாள், இனி எங்கும் பாடமாட்டேன் என்று முத்திரைத் தாளில் எழுதிக் கொடுக்காவிட்டால் வழக்கு என்று இருந்தது. அவன் போட்டிருந்த தேதி, எங்கள் ஆபீஸில் அவள் பாடிக் காட்டியதற்கும் முந்தியது.

"வார செவ்வாய்க்கிழமை எங்க ஊரு மாரியாத்தா திருவிழா தாயி. பொம்பளைக அம்புட்டுப் பேரும் எம் பாட்டுக்குத்தான் கும்மி பழகி வச்சிருக்காளுக. எம் பாட்ட நானே பாடக் கூடாதாமே? திருடியாமே நானு? வீட்டுக்காரரு ஆட்ட வித்துக் கோர்ட்டுக்கு அலைய முடியாது, ரேகைய வச்சுட்டு வான்னு அனுப்பிச்சுட்டாரு." சொல்லிவிட்டு அழுதாள்.

சார் கேட்டார்: "உன் புத்தகம் ஒண்ணாவது இருக்கா?"

"வித்தது போக மிச்சத்துல கடலை மடிச்சுக் குடுத்துப்புட்டேனே, சாமி."

பாட்டுக்கு உரிமை இருக்கிறது, பாட்டு இருந்த காகிதமெல்லாம் சந்தையில் கடலைத் தோலோடு பறந்துவிட்டது! காதர் பாய் அச்சகத்துக்கு ஓடினார். கோர்த்த ஈய எழுத்தையெல்லாம் அப்போதே கலைத்து எழுத்துப் பெட்டியில் போட்டாயிற்று, பிரதி எடுத்து வைக்கவில்லை, அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டிய பிரதியையும் அனுப்பவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். சரி, அவன் புத்தகத்தையாவது பார்க்கலாம் என்றால் ரயிலடியில் "தீந்துபோச்சு, அடுத்த கட்டு வரணும்" என்றார்கள். அப்படி விற்றிருக்கிறது!

"ஊர்ப் பொம்பளைங்க சாட்சி சொல்வாங்க. நானும் சொல்வேன் சார்" என்றேன்.

"சொல்லலாம். மதுரையில கேஸ் முடியறதுக்குள்ள எத்தனை திருவிழா போகும்? இவளுக்கு இந்தச் செவ்வாய்க்கிழமை வேணும்." முதல் தடவையாக அவர் குரலில் சுருதி இறங்கிக் கேட்டேன்.

கடைசிப் பத்தி

அவள் எங்களிடம் வந்ததைக் கேள்விப்பட்டு, சனிக்கிழமை தங்கவேலுவே வந்துவிட்டான். சில்க் ஜிப்பா, ஜவ்வாது வாசனை, கையில் எழுதித் தயாராக வைத்த முத்திரைத் தாள். கூடவே சாட்சிக்கு ஒரு ஆள். ரயிலில் பாட்டுப் புத்தகம் பாடி விற்கிற சொக்கன். இடுப்பில் கஞ்சிரா.

"சுமுகமா முடிச்சுக்குவோம் வக்கீல் சார். பொம்பளை, பாவம். ரேகைய வச்சாப் போதும். இது நான் கட்டுன பாட்டுத்தான்னு சொக்கன் சொல்வான், ரொம்ப நாளா பாடுறான்."

மேஜை மேல் மைப் பெட்டி திறந்திருந்தது. வெள்ளையம்மாள் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சார் நேரம் கடத்துகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்தார், தண்ணீர் குடித்தார். பிறகு, "சாட்சி பாட்டைச் சரியாத்தான் பாடறாரான்னு பார்க்கணுமே. எங்க, பாடுங்க" என்றார்.

இங்கே ஒரு தொழில் விவரம் சொல்ல வேண்டும். ரயிலில் பாடி விற்கிறவர்கள் நடுவில் நிறுத்தவே மாட்டார்கள். நிறுத்தினால் கேட்கிறவன் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவான், புத்தகம் போகாது. ஆரம்பித்தால் கடைசி அடி வரைக்கும் ஒரே ஓட்டம்தான். சொக்கன் கஞ்சிராவைத் தட்டினான். புழுதி கிளம்பியது, கழுதை வழி விட்டது. கோர்ட்டுக்கு வந்த ஜனமெல்லாம் ஜன்னலில் ஒட்டிக்கொண்டது. தங்கவேலு பெருமையோடு தொடையில் தாளம் போட்டான். வெள்ளையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அங்கன இழுக்கணும்யா, என்னத்தப் பாடுற?" என்று அழுகையோடு திருத்தினாள்.

ஆடு சீட்டு வாங்கியது, பஸ்ஸைத் தள்ளினார்கள், பாட்டு முடிந்தது என்று நினைத்தேன். சொக்கன் மூச்சை இழுத்தான்.

"பாட்டுக் கட்டினவ வெள்ளையம்மா..."

நாங்கள் எல்லாரும் நிமிர்ந்தோம். தங்கவேலு மட்டும் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்! "கேட்டுக் கொள்ளாம அச்சடிச்சா" என்ற அடியில்தான் கை தொடைக்கு மேலேயே அந்தரத்தில் நின்றது.

"ஏலே சொக்கா! நிறுத்துடா!"

எங்கே நிறுத்துகிறது? கேப்பைக் களி வந்தது, மதுரைக் கூண்டு வந்தது. ஜன்னலில் இருந்த ஜனம் கைதட்ட ஆரம்பித்தது. என் வியாதி தலைக்கேறி நான் டைப் மெஷின் மேலேயே விழுந்தேன், அது பாட்டுக்கு ஒரு வரி பூராவும் அர்த்தமில்லாமல் அடித்துத் தள்ளியது. சொக்கன் தங்கவேலுவைப் பார்த்துக் கையை நீட்டி, உச்ச ஸ்தாயியில் முடித்தான்: "எங்க எசமான் வக்கீலு பொல்லாதவர்!"

சார் எழுந்து சொக்கனின் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அச்சில் இருந்தது, ஓர் எழுத்து குறையாமல். அவள் புத்தகத்தில் அட்டை கிழிந்த பிரதி ஒன்று அவனுக்குக் கிடைத்திருக்கிறது. உள்ளது உள்ளபடி கோர்க்கச் சொல்லிவிட்டு, முகப்பில் தன் பேரையும் ஒரு பழைய தேதியையும் போட்டுக்கொண்டான் தங்கவேலு. அச்சுக் கோர்த்தவர் ஈயடிச்சான் காப்பி அடித்துவிட்டார். எச்சரிக்கை வாசகமாக இருந்திருந்தால் அதை வெட்டியிருப்பார்கள். பாட்டாக இருந்ததால் பாட்டோடு போய்விட்டது. தன்னைத் திருடன் என்று சொல்கிற புத்தகத்தை இவனே கட்டுக் கட்டாக அச்சடித்து, ஆள் வைத்து, ஊர் ஊராகப் பாட வைத்திருக்கிறான்!

"என்னடா இது?" என்றான் தங்கவேலு, அழாத குறையாக.

"நீங்க முதப் பக்கத்துக்கு மேல படிக்கலையாண்ணே? அந்தக் கடைசிப் பத்திக்குத்தான் சனம் சிரிச்சுச் சிரிச்சு வாங்குது. வெள்ளையம்மாங்கறது கதையில வார பொம்பளைன்னுல்ல நெனச்சேன்" என்றான் சொக்கன்.

"கதையில வாரவ இந்தா நிக்கிறேன்" என்றாள் அவள்.

சார் வெள்ளையம்மாளிடம் திரும்பினார். "அந்தக் கடைசி அடியை நான் அடிச்சேனே?"

"அடிச்சீக சாமி. நான் மறுபடி வச்சுக்கிட்டேன். பாட்டு என்னுதுன்னு நீங்கதான சொன்னீக?"

இந்த ஒரு தடவை சார் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் எல்லார் முன்னாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த மனிதருக்குச் சிரிக்கும்போது கன்னத்தில் குழி விழும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கொண்டுவந்த முத்திரைத் தாளின் பின்பக்கத்திலேயே தங்கவேலு எழுதிக் கொடுத்தான். தேதி பொய், பாட்டு அவளுடையது, இனி அச்சிட்டால் அவள் பேர் முகப்பில் பெரிய எழுத்தில், அவள் சம்மதத்தோடு, அவளுக்கு உரிய பங்கோடு. மைப் பெட்டி திறந்திருந்தது வீண் போகவில்லை. அவன் கையெழுத்து மட்டும் போதாதென்று காதர் பாய் ரேகையும் வாங்கிக்கொண்டார்.

நான் கற்றது

செவ்வாய்க்கிழமை நாங்கள் மூன்று பேரும் அந்தப் பஸ்ஸிலேயே திருவிழாவுக்குப் போனோம். மேட்டில் இறங்கித் தள்ளினோம், சாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். கும்மி நடந்தது. பஸ் பாட்டு முடிந்ததும் வெள்ளையம்மாள் புதிதாக ஒன்றை எடுத்துவிட்டாள். எங்கள் ஆபீஸைப் பற்றிய கும்மி அது! வக்கீல், குமாஸ்தா, சில்க் ஜிப்பா எல்லாரும் வந்தார்கள். சிரித்துச் சிரித்து மெஷின் மேல் விழுகிற டைப்படிக்கிற பெண்ணுக்கு மட்டும் எட்டு அடி. ஊரே என்னைத் திரும்பிப் பார்த்துப் பாடியது. நான் சிரிப்பு தாங்காமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

பிற்காலத்தில் எத்தனையோ சட்டத்தைத் தமிழில் எழுதி ஒட்டினேன். எதை எழுதினாலும், இது கேட்கிறவள் வாயில் ஏறுமா, நாளைக்கு எவனாவது மைப் பெட்டியை நீட்டினால் இது அவளுக்கு நினைவு வருமா என்று பார்த்துத்தான் எழுதினேன். உரிமை அலமாரியில் இருந்து யாருக்கு லாபம்?

இதை எழுத உட்கார்ந்தபோது, அந்த எட்டு அடியை இங்கே போட எனக்கு ஆசையான ஆசை. என்னைப் பற்றி உலகத்தில் இருக்கிற ஒரே பாட்டு அல்லவா? போன மாதம் பஸ் ஏறிப் போய் வெள்ளையம்மாளைக் கேட்டேன். தலை நரைத்துவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. பஸ் கும்மியைப் போட்டுக்கொள்ளச் சம்மதம் கொடுத்தாள், மேலே இருப்பது அந்தச் சம்மதத்தில்தான். மற்றதைக் கேட்டதும் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"அத மட்டும் அச்சுல குடுக்க மாட்டேன் தாயி. அது என்னுது. வேணுங்கறவுகள இங்க வந்து கேட்டுக்கிறச் சொல்லு."

எத்தனையோ கெஞ்சினேன். மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் தம்பி, "என்ன பாட்டி, என்ன சேதி?" என்று கேட்டான். எனக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தவர் சுந்தரேசன் சார், ஆனால் அதை எனக்கே திருப்பிச் சொல்கிற அளவுக்கு ஒருத்தி படித்திருக்கிறாள் என்று அவனிடம் சொன்னேன்.